முதலாம் எண் கூண்டு

வங்கக் கடலில் எங்கோ ஒரு தாழ்வழுத்தம் தோன்றி, அது புயலாகுமா ஆகாதா என்று நிச்சயப்படுவதற்கு முன்பே, பாம்பன் துறைமுகத்தில் முதலாம் எண் எச்சரிக்கைக் கூண்டை ஏற்றிவிடுவார்கள். அன்றைய தினம் வானம் நிர்மலமாக இருக்கலாம். பாக் ஜலசந்தி அலையடங்கிக் கிடக்கலாம். இராமேசுவரத்துக்கு வந்த யாத்திரிகர்கள் அக்கினி தீர்த்தத்தில் வழக்கம்போல் நீராடிக்கொண்டிருக்கலாம். எனினும் கூண்டைக் கண்ட மீனவர் அதை அலட்சியம் செய்வதில்லை. நங்கூரத்தைச் சோதித்து, படகுகளை ஒன்றோடொன்று மோதாதபடி இடம்விட்டுக் கட்டி, அடுத்த அறிவிப்புக்குச் செவி சாய்த்திருப்பார். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை ஒரே இரவில் கடலுக்குப் பறிகொடுத்த கரை இது. பத்தாம் எண் கூண்டு ஏறிய பிறகு கயிறு தேடுவது வீண் என்பதை இங்கே யாரும் போதிக்க வேண்டியதில்லை. மனச்சோர்வு முற்றிய பிறகு வைத்தியம் செய்வதற்கும், அது வியாதியாகத் திரளுவதற்கு முன்பே அறிகுறி கண்டு தடுப்பதற்கும் உள்ள வித்தியாசம் இதுவேதான். இந்த இரண்டாவது காரியத்தை, உத்தியோகத்தில் புதிதாய் அமர்ந்த இளைஞர்களுக்குக் கைப்பேசி வழியாகவும் கணினி வழியாகவும் செய்துவிட முடியுமா என்று பல தேசத்து வைத்தியர்கள் இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் பரீட்சித்து வருகிறார்கள். அந்தப் பரீட்சைகளின் பலன் நம் சேதுக்கரைக்கு எவ்வளவு தூரம் உபயோகப்படும் என்பதை நாம் நிதானமாக ஆலோசிப்பது நல்லது.

சேதுநாட்டு இளைஞன் பிழைப்புக்காக ஊரை விட்டுப் போவது நேற்று ஏற்பட்ட வழக்கமன்று. வறண்ட கண்மாய்களையும் சீமைக் கருவேலம் மண்டிய புன்செய்களையும் விட்டு, ஒரு காலத்தில் கொழும்புக்கும் இரங்கூனுக்கும் பினாங்குக்கும் கப்பலேறியவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று துபாய்க்கும் தம்மாமுக்கும் திருப்பூருக்கும் சென்னைக்கும் போகிறார்கள். ஊரிலேயே தங்கியவர்களுக்கும் மாதச் சம்பள வேலைகள் விதவிதமாய் வந்துவிட்டன. இராமேசுவரத்து லாட்ஜில் இராத்திரி முழுதும் கண்விழித்து யாத்திரிகர்களுக்கு அறை எழுதித் தருபவர், இராமநாதபுரத்து ஜவுளிக்கடையில் விடிந்தது முதல் இருட்டும்வரை சேலை விரித்துக் காட்டும் பெண், மகளிர் குழுக்களிடம் வாரத் தவணை வசூலிக்க மோட்டார் சைக்கிளில் பரமக்குடிக்கும் முதுகுளத்தூருக்கும் அலையும் கடன் கம்பெனிப் பையன், தனியார்ப் பள்ளி ஆசிரியை, ஆஸ்பத்திரி நர்ஸ், கமுதிப் பக்கத்தில் வெயிலை மின்சாரமாக்கும் விசாலமான சோலார் பண்ணையில் தகடு துடைப்பவர், கொரோனாக் காலத்தில் ஊர் திரும்பி, கீழக்கரையிலோ உச்சிப்புளியிலோ மாடியறையில் அமர்ந்தபடியே பெங்களூர்க் கம்பெனிக்கு வேலை பார்க்கப் பழகியவர். குடும்பத்தில் முதன்முதலாக மாதச் சம்பளம் வாங்குகிறவர் பெரும்பாலும் இவரே என்பதனால், தங்கையின் கலியாணம், தகப்பனாரின் கடன், ஒழுகும் கூரை ஆகிய யாவும் அந்த ஒற்றைச் சம்பளத்தின்மேல் வந்து அமர்ந்துகொள்கின்றன. வேலை கசந்தால் உதறிவிடும் சுதந்திரம் அவருக்கு இல்லை. கசக்கிறது என்று வீட்டில் வாய்விட்டுச் சொல்லும் சுதந்திரமும் பல சமயங்களில் இருப்பதில்லை.

துக்கம் வேறு, மனச்சோர்வு என்னும் நோய் வேறு. மேலதிகாரி ஏசினார் என்பதற்காக ஒருவன் இரண்டு நாள் முகம் வாடியிருந்தால் அதற்கு வைத்தியம் தேவையில்லை. மூன்றாம் நாள் சிநேகிதர்களோடு சிரித்துப் பேசிவிட்டால் அது தானே கலைந்துவிடும். ஆனால் இரண்டு வாரங்களுக்கு மேலாக, அநேகமாகத் தினந்தோறும், எதிலும் ருசி இல்லாமலும், உறக்கம் கெட்டும் அல்லது எப்போதும் உறங்கியபடியும், பசி குன்றியும், காரணமின்றிக் களைத்தும், ‘நான் ஒன்றுக்கும் உதவாதவன்’ என்ற எண்ணம் அட்டையாய் ஒட்டிக்கொண்டும் ஒருவர் நாள் கடத்துவாரானால், அதனைச் சோம்பல் என்றோ திமிர் என்றோ பெயரிட்டு ஒதுக்குவது பெரும் பிழை. நம் பக்கத்தில் இதை யாரும் நோயின் பெயரால் சொல்லிக்கொள்வதில்லை. ‘மனசே சரியில்ல’ என்பார்கள். ‘ஒண்ணும் ஓட மாட்டேங்குது’ என்பார்கள். அதைவிட அதிகமாய், ‘நெஞ்சு அடைக்குது, உடம்பெல்லாம் அசதி’ என்று சொல்லி, சத்து ஊசி போட்டுக்கொண்டு வீடு திரும்புவார்கள்.

இந்த நிலையை அளப்பதற்கு மருத்துவர்கள் உலகமெங்கும் கையாளும் ஒன்பது கேள்விகள் அடங்கிய ஒரு பட்டியல் உண்டு. கடந்த இரண்டு வாரங்களில் இன்னின்ன தொந்தரவு எத்தனை நாள் இருந்தது என்று கேட்டு, ஒவ்வொரு விடைக்கும் பூஜ்யம் முதல் மூன்று வரை மதிப்பெண் இடுவார்கள். ஆக மொத்தம் 27. பத்தும் அதற்கு மேலும் வந்தால் வைத்தியரைக் காண்பது அவசியம் என்பது பொதுவான விதி. ஐந்துக்கும் ஒன்பதுக்கும் இடையில் நிற்பவர்தாம் நம் விசாரணைக்கு உரியவர். அவர் வேலைக்குப் போகிறார், வருகிறார், சாப்பிடுகிறார், கேட்டதற்குப் பதில் சொல்கிறார். நோயாளி என்று எந்த வைத்தியரும் அவரைக் கூறமாட்டார். ஆயினும் முதலாம் எண் கூண்டு ஏறிவிட்டது. அவருக்கு இப்போது வேண்டியது மாத்திரை அன்று. ஆறு வாரத்துப் பயிற்சியும் ஒரு நல்ல மனிதரின் துணையும் போதும்.

அந்தத் துணை ஏன் அவருக்கு எளிதில் கிட்டுவதில்லை? பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015–16 ஆம் ஆண்டுகளில், தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பு, வயது வந்தவர்களில் இருபதில் ஒருவர் வாழ்நாளில் ஒரு முறையேனும் மனச்சோர்வு நோய்க்கு ஆளாகியிருக்கிறார் என்று கண்டது. அவர்களில் நூற்றுக்கு எண்பதுக்கும் மேற்பட்டவர் எந்தச் சிகிச்சையும் பெறவில்லை என்பதையும் கண்டது. இந்தியாவில் இலட்சம் பேருக்கு ஒரு மனநல மருத்துவர்கூடக் கிடையாது. 2011 ஆம் ஆண்டுக் கணக்குப்படி 13 இலட்சத்துக்கு மேற்பட்ட ஜனங்கள் வாழும் இராமநாதபுரம் மாவட்டத்துக்கு அரசு மருத்துவக் கல்லூரி வந்து சேர்ந்ததே 2022 ஜனவரியில்தான். இராமேசுவரத்திலிருந்து மாவட்டத் தலைநகருக்கு ஏறக்குறைய 55 கிலோமீட்டர்; மதுரைக்கோ 170. ஒரு நாள் லீவும், ஒரு நாள் சம்பளமும், பஸ் கட்டணமும் செலவிட்டுத்தான் இங்கே ஒருவர் தம் மனத்தைப் பற்றிப் பேச முடியும்.

தூரத்தைக் காட்டிலும் பெரிய தடை வெட்கம். அந்த வெட்கத்துக்கு இந்த மாவட்டத்தில் ஒரு சரித்திரம் இருக்கிறது. கீழக்கரைக்கு அருகே ஏர்வாடியில் சுல்தான் சையிது இபுராஹீம் ஷஹீத் அடங்கியுள்ள தர்காவுக்கு, மனம் பேதலித்த உறவினரை அழைத்துக்கொண்டு, மத பேதமின்றித் தென்னாடு முழுவதிலுமிருந்தும் மக்கள் வந்து தங்குவது நெடுங்கால வழக்கம். நம்பி வந்தவர்களைத் தர்கா கைவிட்டதில்லை. ஆனால் அதைச் சுற்றிலும், நோயாளியைப் பராமரிக்கிறோம் என்ற பெயரால், தனி மனிதர்கள் வருமானத்துக்காக நடத்திய கொட்டகைகள் பல முளைத்தன. அவற்றுள் ஒன்றில், 2001 ஆகஸ்டு 6 ஆம் தேதி விடியற்காலை, தீப்பற்றியது. உள்ளே இருந்தவர்களில் பெரும்பாலோர் சங்கிலியால் பிணிக்கப்பட்டிருந்தனர். எழுந்து ஓட வழியில்லை. 28 பேர் மாண்டார்கள். சில தினங்களுக்குள் அத்தகைய விடுதிகள் யாவும் மூடப்பட்டன. ஐந்நூறுக்கு மேற்பட்ட நோயாளிகளை அரசாங்கம் தன் பொறுப்பில் ஏற்றது. உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கைக் கையில் எடுத்தது. மனநோயாளியை எவ்விதத்திலும் சங்கிலியிடலாகாது என்று 2017 ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் வெளிப்படையாக விதித்திருப்பதற்குப் பின்னால் ஏர்வாடியின் சாம்பல் கிடக்கிறது. இன்றைக்கு அந்தத் தர்காவிலேயே, பிரார்த்தனையோடு மருந்தும் கிடைக்கும்படி, ‘தவா–துவா’ என்ற திட்டத்தின்கீழ் அரசு மனநல மருத்துவர்கள் நோயாளிகளைப் பார்க்கிறார்கள். இருவேறு நம்பிக்கைகளை மோதவிடாமல் ஒரே கூரையின்கீழ் அமர்த்திய அந்த விவேகத்தைப் பாராட்டாமல் இருக்க முடியாது.

சட்டம் மாறிவிட்டது, பேச்சு மாறவில்லை. ‘அவன ஏர்வாடிக்குக் கூட்டிட்டுப் போங்கப்பா’ என்பது இன்னும் தெற்குச் சீமையில் கேலியாக வழங்குகிறது. மனத்துக்கு வைத்தியம் என்றதுமே சங்கிலியும் கொட்டகையும் நினைவுக்கு வரும் ஊரில், உறக்கம் வரவில்லை என்பதற்காக ஒரு ஜவுளிக்கடைப் பெண் மாவட்ட ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவுக்கு முன்னால் வரிசையில் நிற்பாள் என்று எதிர்பார்ப்பது பேதைமை. அங்கே அவளை அறிந்தவர் ஒருவர் கண்ணில் பட்டால் போதும், அடுத்த வாரம் பெண் பார்க்க வருவதாக இருந்தவர்கள் வரமாட்டார்கள்.

கைப்பேசித் திரை இந்த இரண்டு தடைகளையும் ஒருங்கே தாழ்த்துகிறது. அதற்குப் பஸ் ஏற வேண்டாம். வரிசையில் நிற்க வேண்டாம். இரவு பதினொரு மணிக்கு, கடை மூடி விடுதிக்குத் திரும்பியபின், காதில் கருவியைச் செருகிக்கொண்டு ஒரு பாடத்தைக் கேட்டுவிடலாம். இத்தகைய பாடங்களுள் முன்னோடியாகிய ‘மூட்ஜிம்’ என்பதை ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தார் இந்த நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அமைத்தார்கள். பின்னர் எத்தனையோ வந்துவிட்டன. பெயர்கள் வேறாயினும் உட்சரக்கு பெரும்பாலும் ஒன்றுதான். பிலடெல்பியாவில் ஆரன் பெக் என்னும் மனநல மருத்துவர் 1960களில் வகுத்த சிந்தனைச் சிகிச்சைமுறையும், செயலின் வழியே மனத்தை மீட்கும் மற்றொரு முறையும் அவற்றின் அஸ்திவாரம்.

அம்முறை எப்படி நடக்கும் என்பதை ஓர் உதாரணத்தால் காண்போம். லாட்ஜில் வேலை பார்க்கும் ஓர் இளைஞர், வடக்கிலிருந்து வந்த ஒரு குடும்பத்துக்குத் தவறான அறையை எழுதிவிட்டார்; மேனேஜர் எல்லோர் முன்னிலும் கடிந்துகொண்டார். ‘எனக்கு எந்த வேலையும் வராது, இங்கேயும் என்னை வைத்திருக்கமாட்டார்கள்’ என்ற எண்ணம் இவருக்குள் ஓடத் தொடங்குகிறது. நிகழ்ந்தது என்ன, அப்போது மனத்தில் ஓடிய வாக்கியம் என்ன, அந்த வாக்கியம் மெய்யென்பதற்குச் சாட்சி என்ன, பொய்யென்பதற்குச் சாட்சி என்ன என்று நான்கு கட்டங்களில் எழுதும்படி பாடம் அவரைப் பணிக்கும். சென்ற மாதம் மாசி சிவராத்திரிக் கூட்டத்தில் நூறு அறைகளைப் பிசகில்லாமல் கொடுத்தவர் தாமே என்பது மூன்றாம் கட்டத்துக்கு எதிராக நான்காம் கட்டத்தில் வந்து நிற்கும். மேனேஜரின் கோபம் அதனால் பொய்யாகிவிடாது. ஆனால் ஒரு பிசகு ஒரு பிசகாகவே நின்றுவிடும், ஆயுள்தண்டனையாக வளராது. இரண்டாவது முறை இதைவிட எளியது: சோர்வு வந்தவன் முதலில் கைவிடுவது தனக்குப் பிரியமான காரியங்களைத்தான், கைவிடக் கைவிடச் சோர்வு இன்னும் கனக்கிறது. ஆகவே மனம் வரட்டும் என்று காத்திராமல், நாள் குறித்து, மணி குறித்து, சின்னஞ்சிறு காரியங்களைச் செய்யச் சொல்லும் பாடம் — செவ்வாய் மாலை அரை மணி நேரம் கரையோரம் நடப்பது, வெள்ளிக்கிழமை அக்காளுக்குப் போன் செய்வது, நிறுத்திவிட்ட கைப்பந்து ஆட்டத்துக்கு ஒரு நாள் போய் வேடிக்கையாவது பார்ப்பது. கேட்பதற்கு இது பாட்டி சொல்லும் புத்திமதியைப் போல் இருக்கிறது என்று சிலர் நகைக்கலாம். பாட்டி சொன்னதைக் குறிப்பேட்டில் எழுதி, வாரம் தவறாமல் கணக்குக் கேட்பதிலேதான் சூக்ஷ்மம் இருக்கிறது.

இதனால் உண்மையிலேயே நோய் தடுக்கப்படுகிறதா? ஜெர்மனியில், நோயின் வாசலில் நின்ற 406 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு இணையவழியாக ஆறு பாடங்களும், மற்றப் பிரிவினருக்கு மனச்சோர்வைப் பற்றிய விளக்கம் மாத்திரமும் கொடுத்து, ஓராண்டு கழித்துப் பார்த்தார்கள். விளக்கம் மட்டும் பெற்றவர்களில் நூற்றுக்கு 41 பேர் நோயில் விழுந்திருந்தார்கள். பாடம் பயின்றவர்களில் 27 பேர். 2016 ஆம் ஆண்டு அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் சஞ்சிகையில் இது வெளியாயிற்று. ஜப்பானியர் செய்தது நம் மனத்துக்கு இன்னும் உவப்பானது. பாடங்களைப் பாடங்களாக வைக்காமல், அந்நாட்டார் சிறுவர் முதல் கிழவர் வரை விரும்பிப் படிக்கும் ‘மங்கா’ சித்திரக் கதையாக வரைந்து, கம்பெனி ஊழியர்கள் 762 பேரைக்கொண்டு பரீட்சித்தார்கள்; ஆறு வாரம் கதையைப் படித்தவர்களிடையே, அடுத்த ஓராண்டில் புதிதாய் மனச்சோர்வு நோய் கண்டவர் விகிதம், படிக்காதவர்களின் விகிதத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்காகக் குறைந்திருந்தது. நம்மிடமும் சித்திரக் கதைக்கும், மேடைப் பேச்சுக்கும், வானொலி நாடகத்துக்கும் குறைவில்லை. சேதுக்கரைப் பேச்சுவழக்கில், லாட்ஜையும் கடையையும் படகுத்துறையையும் களமாகக் கொண்டு ஒரு தொடர்கதையாக இப்பாடங்களை எழுத நல்ல எழுத்தாளர் ஒருவர் முன்வருவாரானால் அது பெரிய தருமம்.

இவ்விரு பரீட்சைகளிலும் கூர்ந்து நோக்கத்தக்க ஓர் அம்சம் இருக்கிறது. ஜெர்மனியில் ஒவ்வொரு பாடம் முடிந்ததும், படித்தவர் எழுதியதைப் பார்த்து ஒரு பயிற்றுநர் பதில் எழுதினார். ஜப்பானிலும் வீட்டுப்பாடத்துக்குப் பதில் எழுத ஆட்கள் இருந்தார்கள். திரைக்குப் பின்னே ஒரு மனிதர் இருந்தார். அவர் படித்தார், கேட்டார், நினைவில் வைத்திருந்தார். அப்படி ஒருவரும் இல்லாமல், இயந்திரமே பேசி இயந்திரமே ஆறுதல் சொல்லும் ஏற்பாடுகளில், முதல் வாரம் உற்சாகமாய்ச் சேர்ந்தவர்களில் பெரும்பகுதியினர் சில வாரங்களுக்குள் நழுவிவிடுகிறார்கள் என்பது இத்துறையில் அனைவரும் ஒப்புக்கொண்ட அனுபவம். கம்பெனிகளின் உறுதிமொழியும் நிலையானதன்று. அமெரிக்காவில் 2017 ஆம் ஆண்டில் தோன்றிப் பேர்பெற்ற ‘வோபாட்’ என்னும் உரையாடும் செயலி 2025 ஜூன் 30 ஆம் தேதியோடு மூடப்பட்டுவிட்டது. ஊர்க்கோடியில் உள்ள துணைச் சுகாதார நிலையம் அவ்வாறு ஒரே நாளில் மறைந்துபோவதில்லை.

தூரத்து மருத்துவரையும் அருகில் உள்ள மனிதரையும் இணைக்கும் வித்தையைக் கற்க நாம் ஜெர்மனிக்குப் போகவேண்டிய அவசியமில்லை. இராமநாதபுரத்துக்கு வடக்கே அடுத்த மாவட்டமாகிய புதுக்கோட்டைக்குப் போனால் போதும். மனநல மருத்துவர் சாரதா மேனன் 1984 ஆம் ஆண்டில் சென்னையில் தோற்றுவித்த ‘ஸ்கார்ஃப்’ நிறுவனம், 2010 ஆம் ஆண்டில் ஒரு பஸ்ஸையே மருத்துவமனையாக மாற்றிப் புதுக்கோட்டைக் கிராமங்களுக்கு அனுப்பியது. பஸ்ஸுக்குள் ஒரு சிறிய அறை. அறையில் ஒரு திரை. திரையில் சென்னையிலிருந்து மருத்துவர். பக்கத்திலேயே மருந்துக் கூடம். வாசலில், கிராமத்தாரைப் பெயர் சொல்லி அழைத்து உட்காரவைக்கும் உள்ளூர்ப் பணியாளர். அது முற்றிய நோய்க்கு ஏற்பட்ட ஏற்பாடு, தடுப்புக்கு அன்று. ஆயினும், திரையைக் கண்டு கிராமத்தார் மிரளுவார்கள் என்ற பயத்துக்கு ஆதாரமில்லை என்பதை அந்த பஸ் காட்டியது. கோவாவில் ‘சங்கத்’ என்னும் ஸ்தாபனத்தைச் சார்ந்த விக்ரம் பட்டேலும் அவர் சகாக்களும் இன்னொரு படி மேலே சென்று, வைத்தியப் பட்டமே இல்லாத சாதாரண மனிதர்களுக்குச் சில வாரங்கள் பயிற்சி கொடுத்து, ஆறு முதல் எட்டு சந்திப்புகளில் மனச்சோர்வைக் கணிசமாகக் குறைக்க அவர்களால் முடியும் என்று நிலைநாட்டினார்கள். மண்டபத்திலோ தொண்டியிலோ பிளஸ் டூ முடித்துவிட்டு வேலை தேடும் ஒரு பெண்ணே அந்தத் ‘திரைக்குப் பின்னே உள்ள மனிதர்’ ஆகக்கூடும் என்பதுதான் இதன் தாத்பரியம்.

நிம்ஹான்ஸ் நிறுவனமே ‘புஷ்–டி’ என்ற பெயரில் மனச்சோர்வுக்கான சுயஉதவிச் செயலி ஒன்றைத் தயாரித்திருக்கிறது. பெங்களூரில் பிறந்த ‘வைசா’ என்பது வெளிநாடுகளிலும் வழங்குகிறது. இவை பெரும்பாலும் நகரத்து ஆங்கிலம் அறிந்தவருக்கே ஏற்றவை. இவற்றைவிட நமக்கு அண்மையானது, 2022 அக்டோபர் 10 ஆம் தேதி உலக மனநல நாளன்று மத்திய அரசாங்கம் தொடங்கிய ‘டெலி மானஸ்’ சேவை. 14416 என்ற எண்ணுக்கு இலவசமாக அழைத்தால், தமிழ் உட்பட இருபது மொழிகளில், பயிற்சி பெற்ற ஆலோசகர் ஒருவர் பேசுவார். தேவைப்பட்டால் மனநல மருத்துவருக்கு இணைப்பார். இத்தனை வந்தும், இராமேசுவரத்தில் யாத்திரிகர் தங்கும் அறைகளில் தரிசன நேரப் பலகை தொங்குகிறதே தவிர, அங்கே வேலை செய்பவர் தங்கும் அறைகளில் இந்த எண் எழுதப்படவில்லை.

இனி முதலாளிமார்களைப் பற்றி ஒரு வார்த்தை. ஊழியரின் மனச்சோர்வினாலும் பதற்றத்தினாலும் ஆண்டுதோறும் உலகில் 1,200 கோடி வேலைநாட்கள் வீணாகின்றன என்று உலக சுகாதார ஸ்தாபனமும் சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனமும் கணக்கிட்டிருக்கின்றன. இக்கணக்கைக் கண்ட பெரிய கம்பெனிகள் பலவும், தலைக்கு இவ்வளவு என்று பணம் கட்டி ஒரு செயலியை வாங்கி ஊழியர் கையில் கொடுத்துவிட்டுத் தம் கடமை தீர்ந்ததாக நிம்மதி கொள்கின்றன. பிரிட்டனில் 233 நிறுவனங்களைச் சேர்ந்த 46,336 ஊழியர்களின் விடைகளை ஆராய்ந்து, ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்து வில்லியம் பிளெமிங் 2024 ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரை அந்த நிம்மதியைக் குலைத்துவிட்டது. செயலியையும் மனவுறுதி வகுப்பையும் பயன்படுத்திய ஊழியர், பயன்படுத்தாதவரைவிட எவ்விதத்திலும் சுகமாக இருப்பதாக அவர் காணவில்லை. பிறருக்குத் தொண்டு செய்யும் வாய்ப்பு ஒன்றே அற்ப சொற்பமான நன்மை அளித்ததாகத் தெரிந்தது.

ஜெர்மனியின் பரீட்சையும் ஆக்ஸ்போர்டின் ஆராய்ச்சியும் ஒன்றையொன்று மறுப்பதாக முதலில் தோன்றும். என் அபிப்பிராயத்தில் அவை மறுக்கவில்லை. தளர்ச்சியின் வாசலில் நிற்கும் ஒருவருக்கு, துணையோடு கூடிய பாடம் பலன் தருகிறது. எல்லோருக்கும் பொதுவாக, துணையின்றி, வேலையின் கொடுமையை அப்படியே வைத்துக்கொண்டு வீசப்படும் செயலி பலன் தருவதில்லை. பன்னிரண்டு மணி நேரம் நின்றுகொண்டே வேலை செய்யும் பெண்ணிடம், மூச்சை ஆழமாக இழுத்து விடுமாறு ஒரு திரை உபதேசிப்பது ஒருவகைப் பரிகாசம். அவளுக்கு முதலில் வேண்டியது ஒரு நாற்காலி. தமிழ்நாட்டுக் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தை 2021 ஆம் ஆண்டில் திருத்தி, வேலை செய்பவர் அனைவருக்கும் இருக்கை வசதி தரவேண்டும் என்று நம் சட்டமன்றம் விதித்ததே, அது எந்தச் செயலிக்கும் குறையாத மனநலத் தடுப்பு முறை என்பேன். வசூலாகாத தவணையைத் தன் சம்பளத்திலிருந்து கட்டும்படி நிர்ப்பந்திக்கப்படும் கடன் கம்பெனிப் பையனுக்கும் இதே நியாயம். உலக சுகாதார ஸ்தாபனம் 2022 செப்டம்பரில் வெளியிட்ட வேலையிட மனநல வழிகாட்டியும் வேலையின் அமைப்பைத் திருத்துவதற்கே முதலிடம் தருகிறது. தனிமனிதப் பயிற்சி அதற்குப் பின்னால்தான் வருகிறது.

ரகசியத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். திரை வெட்கத்தைப் போக்குகிறது என்றேன். அதே திரை புதிய பயம் ஒன்றையும் கொண்டுவருகிறது. இணையவழி ஆலோசனைக்குப் பேர்போன ஓர் அமெரிக்கக் கம்பெனி, மனக்குறையைச் சொல்லவந்தவர்களின் விவரங்களை விளம்பரக் கம்பெனிகளுக்குக் கொடுத்தது என்ற குற்றச்சாட்டின்பேரில், 2023 ஆம் ஆண்டில் 78 இலட்சம் டாலர் செலுத்த அந்நாட்டு வர்த்தக ஆணையத்தால் பணிக்கப்பட்டது. அதைவிட அண்மையான அபாயம் முதலாளியின் கண். தம் விடைகள் மேனேஜரின் மேஜைக்குப் போய்ச் சேருமோ என்று ஐயுறும் ஊழியர் எல்லாக் கேள்விக்கும் ‘நலமே’ என்றுதான் எழுதுவார். பாடமும் பொய்யாகும், புள்ளியும் பொய்யாகும். இந்தியாவிலும் 2023 ஆம் ஆண்டில் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியிருக்கிறது. எனினும், இத்தகைய திட்டத்தை வாங்கும் கம்பெனி, எத்தனை பேர் சேர்ந்தார்கள் என்பதற்கு மேல் ஒரு தகவலும் தன்னிடம் வராது என்று எழுத்தில் கொடுக்காதவரை, ஊழியர் அதில் தம் சொந்தப் பெயரைப் பதியாமல் இருப்பதே புத்திசாலித்தனம். கைப்பேசியைத் தம்பியோடும் தங்கையோடும் பகிர்ந்துகொள்ளும் வீடுகளும் இந்தக் கரையில் உண்டு. பூட்டுச் சொல் இல்லாத பாடம் அவர்களுக்குத் தெருவில் நின்று பேசுவதற்குச் சமம்.

எல்லாவற்றுக்கும் மேலாக, தடுப்புப் பாடம் வேறு, ஆபத்து வேளை வேறு. சாவைப் பற்றிய எண்ணம் மனத்தில் புகுந்துவிட்டவரிடம் ஆறு வாரப் பாடத்தை நீட்டுவது தகாது. அவரைத் தனியே விடாமல், அன்றைக்கே அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்கு ஒருவர் உடன் செல்ல வேண்டும். லட்சுமி விஜயகுமார் 1986 ஆம் ஆண்டில் சென்னையில் தொடங்கிய ‘ஸ்நேகா’ தற்கொலைத் தடுப்பு மையத்தின் தொலைபேசி எண் 044–24640050.

இதைப் படிக்கும் கடை முதலாளியோ, லாட்ஜ் மேனேஜரோ, பள்ளித் தாளாளரோ செய்யக்கூடிய காரியம் ஒன்று உண்டு; அதற்குச் செலவும் இல்லை. வேலை செய்பவர்கள் உடை மாற்றும் அறையின் கதவுக்கு உட்புறத்தில், யாரும் பாராமல் குறித்துக்கொள்ளும்படி, 14416 என்று பெரிய எழுத்தில் எழுதிவையுங்கள். அது இரவும் பகலும் இயங்குகிறது; தமிழில் பேசுகிறது; அழைப்புக்குக் காசு இல்லை.